பெரிய டிவிக்குக் கீழே

அந்த நடிகையின் மூக்குத் துவாரம் உலகம்மாளின் தலைக்கு மேலே கிணறு மாதிரித் திறந்து கிடந்தது. பழைய பெட்டி டிவியில் இவளும் ஓர் அழகிதான். வருஷக்கணக்காக இவள் அழுவதைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் ராத்திரிச் சோறு இறங்கியது. இப்போது சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு தொங்குகிற இந்தப் புதுச் சனியனில், பவுடர் மூக்கோரத்தில் திட்டுத் திட்டாக உருண்டிருப்பது தெரிகிறது, மேலுதட்டில் மயிர் எடுத்த இடம் தடித்திருப்பது தெரிகிறது, வாயைத் திறந்து அழும்போது பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே எச்சில் நூலாக இழுப்பது தெரிகிறது. சீ, என்று உலகம்மாள் கண்ணைக் கீழே இறக்கினாள். மடியில் பீடி சுற்றுகிற முறம், சொளவு. சொளவில் வெட்டின இலை, புகையிலைத் தூள், நூல்கண்டு. ஒரு பீடியைச் சுருட்டி வாயை மடக்கி நூல் கட்டுவதற்குள் கண் தானாக மறுபடி மேலே போய்விட்டது. வெளிச்சம் அப்படி. கூப்பிடாமலே இழுக்கிற வெளிச்சம். மேலே போனதும் நடிகையின் முகம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஓடியது, கீழே பார்த்தால் இலையின் நரம்பு இரண்டாகத் தெரிந்தது, மேலே, கீழே, மேலே, கீழே, வயிற்றிலிருந்து ஒரு புளிப்பு எழும்பித் தொண்டைக் குழியில் வந்து நின்றது. அதை விழுங்க வேண்டும். ஆனால் விழுங்குவது தெரியக் கூடாது. எதிர்ச் சுவரோரக் கட்டிலில் அவளுடைய மாமியார் ஆவுடையம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் கண் டிவியில் பாதி, மருமகளின் தொண்டையில் பாதி. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும், கணக்கில் ஒன்று கூடிவிடும். உலகம்மாள் இருமுகிற மாதிரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அதை உள்ளே தள்ளினாள். தள்ளினது போகிற வழியெல்லாம் எரிந்தது.

தலை சுற்றல், குமட்டல். கல்யாணமானவளுக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் இந்த ஊரில் அதற்கு வேறு வியாதியே கிடையாது. ஊர் மொத்தமும் வைத்தியம் படித்தது இந்தப் பெட்டியில்தானே. நாடகத்தில் எவள் மயங்கி விழுந்தாலும் கிழவி ஒருத்தி கையைப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பாள், அவ்வளவுதான் படிப்பு. அதிலும் பீடி சுற்றுகிறவளுக்குத் தூள் நெடி ஆகாமல் போனால் கேட்கவே வேண்டாம். சின்னப் பிள்ளையிலிருந்து தூளுக்குள்ளேயே கிடக்கிற மூக்கு, மாசமாக இருந்தாலொழிய அதற்கு நெடி தெரியாது என்பது இங்கே சட்டம். நல்ல சட்டம். கல்யாணமான புதிதில் புருஷன் சங்கரலிங்கம் லீவு முடிந்து மஸ்கட்டுக்கு ஏறின ஒவ்வொரு தடவையும், அதற்கடுத்த மாசம் முழுக்கத் தண்ணிக் குழாயில், ரேஷன் வரிசையில், பீடிக் கடை வாசலில், ‘விசேஷம் உண்டாட்டி?’ என்று கேட்டுக் கேட்டு அவளைத் தின்றார்கள். விசேஷம் ஒன்றும் இல்லை. அப்போது ஒரு தடவையாவது சுற்றித் தொலைத்திருக்கலாம் இந்தத் தலை. அவன் போய் ஒரு குற்றால சீசன் முழுசாக முடிந்து அடுத்த சீசனும் முடிந்து கார்த்திகை மழையும் பிடித்துவிட்டது, இப்போது வந்து சுற்றுகிறது. இப்போது யாரும் விசேஷமா என்று கேட்பதில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாய் கேட்காததைக் கண் கேட்டது. குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்தால் அவள் வயிற்றில் கண்கள் வந்து ஈ மாதிரி உட்கார்ந்தன. வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்துப் பார்த்தாள் ஒருநாள், ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவள் போல. பார்த்துவிட்டு அவளுக்கே தன் வயிற்றைத் தொட அருவருப்பாக இருந்தது.

காலையில் அவன் போன் போட்டான். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை, அங்க மழையா என்று கேட்கவில்லை. “ஒனக்கு உடம்புக்கு என்ன செய்யி?” என்றான். “ஒண்ணுமில்ல. டிவி பாத்தா தலை சுத்துது” என்றாள். லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், போகவில்லை. அங்கே யாரோ மலையாளத்தில் சிரித்தார்கள், ஒரு பாத்திரம் விழுந்தது, அவன் மூச்சு விட்டான். “டிவி பாத்தா தலை சுத்துமா?” என்றான். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள். மெதுவாகக் கேட்டான். வேலைக்காரன் கொடுத்த மிச்சத்தை எண்ணிப் பார்க்கிற முதலாளி குரல் அது, ஒன்றும் சொல்ல மாட்டான், எண்ணுவான். “அம்ம எல்லாம் சொன்னா. நாளைக்கு அம்மகூட ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு டெஸ்ட் எடுத்துரு. எதுக்கும்.” எதுக்கும். அந்த ஒரு வார்த்தை நாள் முழுக்கக் கசப்பு வெள்ளரிக்காய் தின்றது மாதிரி நாக்கிலேயே கிடந்தது. எதுக்கும் என்றால் எதற்கு. டெஸ்டில் ஒன்றுமில்லை என்றுதான் வரும், அது அவளுக்குத் தெரியும். ஒன்றுமில்லை என்று வந்தால் சரியாகிவிடுமா. புருஷன் வெளிநாட்டில் இருக்கும்போது மாமியார் கூட்டிக்கொண்டு போய் டெஸ்ட் எடுத்த மருமகள் என்று ஒருத்தி இந்த ஊரில் இருப்பாளே, அவள் யார். அந்தக் காகிதத்தையா நெற்றியில் ஒட்டிக்கொண்டு குழாயடிக்குப் போவாள். ‘கலைச்சிருப்பாளுவ’ என்று ஒருத்தி சொன்னால் அதற்கு எந்த டெஸ்ட். நாளைக்குக் காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் இது டிவியால்தான் என்று காட்டியாக வேண்டும். எப்படிக் காட்டுவது. தலைக்குள் நடப்பதை யாருக்கு எடுத்து நீட்ட முடியும்.

அவள் பண்ணாத பண்டுதம் இல்லை, பார்க்காத வைத்தியம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், டிவிக்கு என்று பண்ணினது எல்லாம் வயிற்றுக்கு என்று ஆகிவிட்டது. குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை நறுக்கி உப்புத் தொட்டு நக்கினாள், ‘புளிப்பு கேக்கு போல’ என்று ஆவுடையம்மாள் கூரையைப் பார்த்துச் சொன்னாள். வெளிச்சம் கூசாமல் இருக்கக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள், ‘அசதி’. சுக்குத் தண்ணி போட்டுக் குடித்தாள், யாரோ பெருமூச்சு விட்டார்கள். கண்ணில்தான் கோளாறோ என்று பாவூர்சத்திரத்துக்கு பஸ் ஏறிப் போய்க் கண்ணாடிக் கடையில் மெஷினில் தாடையை வைத்துப் பார்த்தாள். அந்தக் கடைப் பிள்ளை நல்ல பிள்ளை. ‘கண்ணு ஜோரா இருக்குக்கா, பவர் ஒண்ணும் கிடையாது’ என்று சொல்லிக் காசுகூட வாங்கவில்லை. கண்ணு ஜோராக இருக்கிறதாம். கேட்டுவிட்டு அழுகை வந்தது அவளுக்கு, கண் கெட்டுப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், கண்ணாடி மாட்டிக்கொண்டு ராணி மாதிரி வந்து இறங்கியிருக்கலாம். வெறுங்கையோடு வந்து இறங்கினவளைப் பார்த்து பக்கத்து வீட்டு பிரமு சித்தி, ‘சத்திரத்துக்கா போயிட்டு வார, ஒத்தையிலயா?’ என்று மட்டும் கேட்டாள். ஒத்தையில் என்பதை எவ்வளவு நேரம் இழுத்தாள்.

டிவியையும் அவள் விட்டு வைக்கவில்லை. ரிமோட்டில் உள்ளே போய், அதற்குள்ளே போய், ஒன்று ஒன்றாகத் தட்டிப் பார்த்ததில் அது கடையில் ஆள் மயக்குவதற்கு வைக்கிற வெளிச்சத்திலேயே இருந்தது தெரிந்தது. குறைத்தாள். சினிமா என்று ஒன்று இருந்தது, அதில் வைத்ததும் படம் வெயில் தாழ்ந்த மாதிரி ஆனது, கண்ணுக்குள் யாரோ விரலை எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. முகங்கள் வழுக்குவதை நிறுத்தவும் ஓர் இடம் இருந்தது, அதையும் நிறுத்தினாள். ஒரு பொழுதுதான். “என்னட்டி இது, எல்லாவளுக்கும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு” என்று மாமியார் பிடித்துக்கொண்டாள். “எம் மவன் கஷ்டப்பட்டு வாங்கிப் போட்டத இருட்டாக்கி வச்சிருக்கா. இருக்கிறபடி இருக்கட்டும்.” இருக்கிறபடி இருந்தது. திரையைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவிடவில்லை, புதுசு போய்விடுமாம். அந்தத் தாளின் விளிம்பில் டியூப்லைட் விழுந்து கத்தி மாதிரி மின்னியது. பார்க்கவே வேண்டாம் என்று அடுக்களையில் போய் இலையை வெட்டிக்கொண்டிருந்தால், ‘எதுக்கு மூஞ்சிய மறைக்கா’ என்று வரும். மறைக்கக் கூடாது, பார்க்க வேண்டும், பார்த்தால் சுற்றும், சுற்றினால் காட்டக் கூடாது. நாய் தன் வாலைச் சுற்றுகிற மாதிரி யோசனை சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் விழுந்தது.

“அந்த ஆணி அடிக்க வந்தானே ஒரு பய” என்றாள் ஆவுடையம்மாள் திடீரென்று. திரையில் விளம்பரம் வந்திருந்தது, பாயசத்தில் விஷம் கலந்தவளின் கை அப்படியே நிற்க, ஒரு சோப்பு நுரைத்துக்கொண்டிருந்தது. “டிவி மாட்ட. நான் கோயிலுக்குப் போயிருந்தேம்லா அன்னைக்கி. எவ்வளவு நேரம் இருந்தான்?”

“மாட்டி முடிக்கிற வரைக்கும்” என்றாள் உலகம்மாள்.

“தண்ணி கிண்ணி குடிச்சானோ?”

“குடிச்சான்.”

வாசல்படியில் உட்கார்ந்திருந்த பிரமு சித்தி கால் விரலைச் சொடுக்கினாள். சொடக்கு விழவில்லை, மறுபடி இழுத்தாள். உலகம்மாளின் கையில் இலை கிழிந்தது. அந்தப் பையனின் முகம்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை. சுவரில் துளை போட்ட மெஷின் சத்தம் ஞாபகம் இருந்தது, தலைமயிரெல்லாம் செங்கல் பொடியாக நின்றான், செம்பை அண்ணாந்து குடித்தபோது பொடியும் வேர்வையும் கலந்து கழுத்தில் சேறாக வழிந்தது. ‘இவ்வளவு பெரிய டிவிக்கு இந்த வீட்டச் சேத்துத்தாங்க்கா மாட்டணும்’ என்றான். அவள் சிரித்தாள். ஏன் சிரித்தாள். சிரிக்கிற மாதிரி இருந்தது, சிரித்தாள். அவன் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள், விழுந்து தொலைக்கக் கூடாதே என்று. இப்போது அந்தச் சிரிப்பை, அந்த ஸ்டூலை, அந்தச் செம்பை யாரோ அழுக்குக் கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பார்க்கப் பார்க்க அது ஏதோ ஒன்றாக ஆகிக்கொண்டு வருகிறது. இந்த மாசம் அவள் வீட்டுக்குத் தூரம் ஆகவில்லை. எப்போதும் முன்னே பின்னே ஆகிற உடம்புதான், அதற்கு ஒரு நாள் கிழமை கிடையாது, ஆனால் இந்த மாசம் பார்த்தா ஆகாமல் கிடக்க வேண்டும். தூரமானவள் சாமி விளக்கைத் தொட மாட்டாள், இவள் விளக்கேற்றப் போகிறபோதெல்லாம் ஆவுடையம்மாள் பார்த்தாள், இன்னிக்கும் ஏத்துதா, நாளைக்கும் ஏத்துதா. ஒன்றுமே நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியுமா என்று ஒரு தடவை நினைத்துவிட்டாள். விடிகாலையில் பாதித் தூக்கத்தில் நினைத்தது. தானாகவே ஏதாவது, எப்படியாவது, பாத்திரத்தில் ஊற்றி வைத்த மாவு தானாகப் புளிக்கிற மாதிரி. நினைத்த உடனே எழுந்து போய் வாய் கொப்பளித்தாள். அடுத்தவள் சந்தேகப்பட்டால் சண்டை போடலாம். தன்னையே தான் சந்தேகப்பட வைத்துவிட்டார்களே என்றபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது, தன் தோலைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது.

விளம்பரம் முடிந்து விஷக்காரியின் கை மறுபடி நகர்ந்தது. கையின் புறத்தில் மயிர்க்கால்கள். நகப் பூச்சின் கரையில் அழுக்கு. இதையெல்லாம் எதற்கு இவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறான்கள். பழைய டிவியில் மனுஷர்கள் கொஞ்சம் மங்கலாக இருந்தார்கள், மங்கலில் ஒரு மரியாதை இருந்தது. உலகம்மாளுக்கு மறுபடியும் குமட்டியது. “தண்ணி எடுத்திட்டு வாரேன்” என்று சொளவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள், எழுந்ததும் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது, சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். அடுக்களையில் மண்பானைத் தண்ணியை முகத்தில் அடித்துக்கொண்டு, செம்போடு அடுக்களைப் படியில் நின்றாள். திரும்பி உள்ளே போக மனசில்லை. போய் உட்கார்ந்தால் மறுபடி அந்தக் கை. கதவு நிலையில் சாய்ந்து நின்றபடியே பார்த்தாள். விஷக்காரி பாயசத்தைக் கொண்டு போனாள். நாடகத்து மாமனார் வாங்கினார். குடிக்கப் போனார். யாரோ தட்டிவிட்டார்கள். பாயசம் தரையில் மெதுவாக, மூன்று தடவை, மூன்று பக்கத்திலிருந்தும் சிந்தியது. எல்லோருடைய முகமும் ஒவ்வொன்றாக வந்து போனது. முழுசாகப் பார்த்து முடித்த பிறகுதான் உலகம்மாளுக்கு உறைத்தது, தலை சுற்றவில்லை. நின்றது நின்றபடி இருந்தது வீடு. நடிகை அழகாக இருந்தாள். செம்பில் இருந்த தண்ணி அப்படியே இருந்தது.

அவள் தன் இடத்தைப் பார்த்தாள். டிவிக்கு நேர் கீழே, சொளவு கிடந்த இடம். திரைக்கும் அதற்கும் நடுவே ஒரு பாய் அகலம்கூடக் கிடையாது. பழைய பெட்டி டிவி ஸ்டூலில் இருந்தபோது அதுதான் எல்லோருக்கும் இடம், முட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் அதில் மூஞ்சி தெரியும். அது போய்விட்டது, இது வந்தது, இதை மாமனார் போட்டோவுக்கு மேலே, எட்டாத உயரத்தில் அடித்தாயிற்று. மாமியாருக்குக் கட்டில், பிரமுவுக்கு வாசல்படி. நடுவில் நடை. மருமகளுக்கு அதே இடம். கட்டிலில் மாமியாருக்குச் சமமாக மருமகள் உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, மூச்சு விடுகிற மாதிரி அது நடந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஒரு நாற்காலி கிடக்கிறது, அது ஆண்கள் வந்தால் உட்கார. யாரும் வருவதில்லை, துணி மடித்து வைக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளை இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இவ்வளவு நாளாக ரிமோட்டுக்குள் போய்த் தேடியிருக்கிறாள், எலுமிச்சம்பழத்தில் தேடியிருக்கிறாள், தன் வயிற்றிலேயே தேடியிருக்கிறாள். தான் உட்கார்ந்திருக்கிற இடத்தைத் தேடவில்லை. அட மூதேவி, என்று தன்னைத்தானே வைதாள்.

“என்னட்டி அங்கனயே நின்னுட்ட? மறுபடியும் வருதோ?” என்றாள் மாமியார்.

“எனக்கு டிவியாலதான் சுத்துது அத்தை.”

“அதத்தான் நீ அன்னைலருந்து சொல்லுத. நானும் இதே டிவியத்தான பாக்கேன். பிரமுவும் பாக்கா. எங்களுக்குச் சுத்தலையே.” ஆவுடையம்மாள் பிரமுவைப் பார்த்தாள். “ஏளா, ஒனக்குச் சுத்துதா?”

“எனக்கென்ன மைனி” என்றாள் பிரமு, தனக்கென்ன என்பதில் ஒரு சந்தோஷத்தோடு.

உலகம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். “இங்கன வந்து உக்காருங்க.”

“எங்கன?”

“என் எடத்துல. சொளவையும் மடியில வச்சுக்கிடுங்க. அடுத்த நாடகம் முழுக்க உக்காந்து பீடி சுத்துங்க. தலை சுத்தலன்னா நாளைக்கி நீங்க கூப்பிடுத எடத்துக்கெல்லாம் வாரேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

ஆவுடையம்மாளின் முகத்தில் முதலில் ஒன்றும் ஓடவில்லை. மருமகள் குரல் உயர்த்தியிருந்தால் அவளுக்கு வழி தெரிந்திருக்கும், ஒப்பாரியில் முடித்திருப்பாள். இது எந்தக் கணக்கிலும் சேராமல் இருந்தது. “போங்க மைனி, போயித்தான் பாருங்களேன்” என்று பிரமு சித்தி கிளப்பிவிட்டாள். அவளுக்கு வேண்டியது வேடிக்கை, அது யார் தலையில் நடந்தால் என்ன. “நான் சுத்தாத பீடியாட்டி?” என்றாள் ஆவுடையம்மாள். “ஒன் வயசுல நான் இலை வெட்டினா கத்தரி சத்தம் தெருமுனைக்கிக் கேக்கும்.” முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மருமகளுடைய பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற உற்சாகம் அவள் நடையில் இருந்தது, ஒரு பத்து வயசு குறைந்தவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள், சொளவை மடியில் இழுத்துக்கொண்டாள், ஓர் இலையை எடுத்து விரலில் நீவினாள். விரல் மறக்கவில்லை.

உலகம்மாள் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். ஓரத்தில்தான் உட்கார்ந்தாள், பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி. மெத்தை அந்தக் கிழவியின் சூட்டோடு இருந்தது, கோடாலித் தைலமும் வெற்றிலையும் உச்சந்தலை எண்ணெயும் கலந்த ஒரு வாடை, அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எழுந்திருக்கவில்லை. இங்கேயிருந்து டிவி அடக்கமாக இருந்தது. நல்ல டிவி. புருஷன் ஆசையாகத்தான் வாங்கியிருக்கிறான், அதில் பொய் இல்லை. ஆனால் இங்கேயிருந்து டிவியை யார் பார்ப்பார்கள் என்று அவளுக்குச் சீக்கிரமே புரிந்தது. திரைக்குக் கீழே அந்த வெளிச்சம் முழுக்க விழுகிற இடத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள். அவள் கழுத்துச் சுருக்கம் தெரிகிறது, காதுத் துளை இழுத்துக்கொண்டு தொங்குவது தெரிகிறது, எச்சில் விழுங்கினால் தெரிகிறது, மூச்சு விட்டால் மாரும் வயிறும் ஏறி இறங்குவது தெரிகிறது. சேலைக்குள் அந்த வயிறு மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருந்தது. உலகம்மாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டில் அப்படிப்பட்ட இடம். இதில் உட்கார்ந்தவளுக்கு எதிரில் இருப்பவளைத் தோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. கிழவிமேல் கொஞ்சம் பரிதாபம் வரும் போல இருந்தது, வரவில்லை. கிழவியின் கண் மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது. இலையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். நூல் நழுவியது. வரட்டும், என்று உலகம்மாள் நினைத்தாள், வரட்டும், வந்து தொலையட்டும். ஒரு கிழவிக்கு வாந்தி வர வேண்டும் என்று உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறோமே, இதுவும் ஒரு பிழைப்பா. ஆனாலும் வேண்டிக்கொண்டாள். கிழவியின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அவள் மனசு துள்ளியது, அந்தத் துள்ளலைப் பார்த்து அவளுக்கே கூசியது.

பாதி நாடகம்கூடத் தாண்டவில்லை. திரையில் ஒரு கார் வேகமாகத் திரும்பியது, கேமராவும் கூடத் திரும்பியது, மரங்கள் சுவரோடு சுவராக ஓடின. ஆவுடையம்மாள் சொளவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. நெற்றி வேர்த்திருந்தது. “ஏட்டி” என்றாள் மெதுவாக. பிறகு சொளவைத் தள்ளிவிட்டு, தூள் தரையெல்லாம் சிதற, சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போனாள், பிரமு சித்தி சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு விலகினாள், விலகினதும் விலகாததுமாக வாசல் ஓடையில் கிழவி மத்தியானச் சோற்றோடு கக்கினாள். புளித்த நாற்றம் மழைக் காற்றில் உள்ளே வந்தது. உலகம்மாள் போய்க் கிழவியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். கையில் அந்த நெற்றி குளிர்ந்து பிசுபிசுவென்று இருந்தது. தண்ணி கொடுத்தாள், கொப்பளிக்க வைத்தாள், கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கட்டிலில் சாய்த்துவிட்டு டிவியை அமத்தினாள். பிரமு சித்தி படியிலேயே நின்றாள், கிழவியைப் பார்த்தாள், உலகம்மாளைப் பார்த்தாள், “மழ வரும் போலிருக்கு, துணி கெடக்கு” என்று போய்விட்டாள். இனி இதையும் கொண்டு போவாள் குழாயடிக்கு. கொண்டு போகட்டும்.

ஆவுடையம்மாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். “சுத்தத்தான் செய்யி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நாளைக்கி எங்கயும் போவாண்டாம்” என்றாள். மன்னிச்சுக்கோ என்று வரவில்லை, வரும் என்று உலகம்மாளும் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு போதும் என்றுதான் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் அவளும் உட்கார்ந்தாள், கிழவி தடுக்கவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. சங்கரலிங்கம். டியூட்டி முடிந்து அறைக்கு வந்திருப்பான். கிழவி கண்ணைத் திறந்து, “இங்க தா, நான் சொல்லிக்கிடுதேன்” என்று கை நீட்டினாள். உலகம்மாள் கொடுக்கவில்லை. அவளுக்காக அவனிடம் யாரும் சாட்சி சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. எடுத்துக் காதில் வைத்தாள்.

“என்ன, நாளைக்குப் போறியளா?” என்றான் அவன்.

“அத்தைக்குத் தலை சுத்திட்டு. வாந்தி எடுத்துட்டாவ” என்றாள் உலகம்மாள். அவ்வளவுதான் சொன்னாள். எங்கே உட்கார்ந்தார்கள், எதனால் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“எம்மாவுக்கா? எப்பம்? இப்பமா?” அவன் குரல் பதறியது. “டிவி பாத்துக்கிட்டு இருந்தாவளா?”

“ஆமா.”

“அதான். அந்த டிவிதான்” என்றான், ஒரு மூச்சுகூட இடைவிடாமல். “பெரிய டிவியப் பக்கத்துல இருந்து பாத்தா சுத்தத்தான செய்யும். அவ்வளவு வெளிச்சம். இங்க கேம்ப்லயே ரெண்டு பேருக்கு அப்படி வந்திருக்கு. நீ முதல்ல அவகள தள்ளி உக்காரச் சொல்லு. வெளிச்சத்தக் கொறச்சு வையி. கேக்கியா? ஏளா, கேக்கியா? வேற ஒண்ணும் இருக்காது, டிவிதான்.”

டிவி அணைந்து கறுப்பாகத் தொங்கியது. அவள் அதற்கு எவ்வளவோ தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். அப்படியும் அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. போனை மாமியார் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.